பத்திலேயே இருப்பதா, பதினொன்றுக்குப் போவதா

அன்று சாயங்காலம் என் கணவர் எட்டாம் வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டத் தட்ட லேப்டாப் கேள்விகளைத் தெலுங்கில் திருப்பி வாசித்துக்கொண்டே வந்தது. நடுவில் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவி, இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடியப்போகிறது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது.

"இன்னாமே சொல்லுது இது?" என்றார்.

"பதினொன்னுக்குப் போவச் சொல்லுது."

"போவ முடியாதுன்னு சொல்லிடு" என்று சொல்லி எஸ்கேப் விசையைத் தட்டினார். அது தெலுங்குக்குத் திரும்பி, விட்ட கேள்வியிலிருந்து வாசித்தது.

எங்கள் இருவருக்கும் பார்வை கிடையாது. எனக்குப் பிறந்ததிலிருந்து. அவருக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் போனது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள்தான் எங்களுக்குக் கம்ப்யூட்டர். மவுஸ் என்ற பொருளை நாங்கள் தொடுவதில்லை. எல்லாம் விசைப்பலகையில்தான். அந்தக் குரலை நாங்கள் வைத்திருக்கும் வேகத்தில் வெளியாள் யாராவது கேட்டால் ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். எங்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் விழும்.

சித்தூரில் குடியிருக்கிறோம். அவருக்குக் குடிபாலா பக்கம் அரசுப் பள்ளியில் சோஷியல் வாத்தியார் வேலை. எனக்குத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாகத் தட்டுவது என் வேலை. ஒரு காதில் டாக்டரின் குரல், மறு காதில் திரையின் குரல். எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் என்னிடம்தான் வரும். அவசரமானவை, நீளமானவை, வாயில் நுழையாத சொற்கள் நிறைந்தவை. அந்த வேலையை எனக்கு யாரும் இரக்கப்பட்டுத் தரவில்லை.

கணவரும் நானும் திருப்பதியில் படித்த காலத்திலேயே பழக்கம். அதனால் வீட்டுக்குள் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். சண்டையும் அப்படித்தான்.

சண்டை அந்தச் சாயங்காலமே தொடங்கியது. ஆதரவு முடிகிறது என்றால் அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, பேங்க் கணக்கெல்லாம் இதில்தான் பார்க்கிறோம், போய்விடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

"ஓடிக்கினு கீறத்த எதுக்கு நோண்டணும்? நாளைக்கு இதுல குரல் வரலன்னா உனக்கும் எனக்கும் இது வெறும் டப்பா. கண்ணு தெரியறவங்களுக்கு ஸ்கிரீன்ல எதுனா நிக்கும். நமக்கு இன்னா நிக்கும்?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. இதற்கு முந்திய லேப்டாப்பில் ஒருமுறை இப்படி மாற்றியபோது குரல் நின்றுபோனது. கடையில் கொடுத்தார். சத்தம் வரவில்லை, அதை மட்டும் சரி செய்யுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தந்தார். சத்தம் வந்தது. ஆனால் என் கணவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வைத்த பாடக் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை, கேட்காமல் செய்தார். அந்தக் குறிப்புகளை மறுபடி எழுத என் கணவருக்கு இரண்டு கோடை விடுமுறை ஆனது. அன்றிலிருந்து அப்டேட் என்ற சொல் வீட்டில் கேட்டாலே அவர் பேச்சு சுருங்கிவிடும்.

நானும் அப்போதைக்கு விட்டுவிட்டேன். அறிவிப்பு வாரம் ஒருமுறை வரும். அவர் எஸ்கேப்பைத் தட்டுவார்.

பேச்சு மறுபடி எழக் காரணம் என் ஆபீஸ். மருத்துவமனை முழுக்க எல்லாக் கம்ப்யூட்டரையும் பதினொன்றுக்கு மாற்றப்போகிறார்கள் என்று சிஸ்டம்ஸ் பிரிவிலிருந்து சொன்னார்கள். அங்கே பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர், நெல்லூர்க்காரர். எங்கள் அறையில் ஒவ்வொரு மேஜையாக வந்து மெஷினைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். என் மேஜையைத் தாண்டும்போது நிற்கவில்லை. செருப்புச் சத்தம் அப்படியே அடுத்த மேஜைக்குப் போனது.

"சார், நாதி?" என்றேன். என்னுடையது என்ன ஆயிற்று என்று.

"மீக்கெந்துக்கு மேடம் கஷ்டம்?" என்றார். உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று அன்பாகத்தான் சொன்னார். உங்கள் சாஃப்ட்வேர் வேறு மாதிரி, மாற்றினால் ஓடுமோ ஓடாதோ, உங்கள் மெஷினை மட்டும் பழையபடியே விட்டுவிடுகிறோம், கவலைப்படாதீர்கள் என்றார்.

எனக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியானால் என் மெஷின் நெட்வொர்க்கில் இருக்குமா என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய மெஷின் எதையும் நெட்வொர்க்கில் வைக்க மாட்டார்கள். நோயாளிகளின் விவரம் அதில் ஓடுகிறது, பாதுகாப்பில்லாத மெஷின் ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆபத்து. ஆகவே என் மெஷின் தனியாக நிற்கும். எனக்கான பதிவுகளை யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து தருவார்கள், முடித்ததை எடுத்துப்போவார்கள்.

"அவசர ஸ்கேனெல்லாம் எப்படி வரும்?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"அதெல்லாம் மத்தவங்க பார்த்துப்பாங்க மேடம். உங்களுக்குப் பழைய டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் தருவோம். நிதானமா செய்யலாம்."

பழைய டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் என்பது வீட்டுக்குப் போய்விட்ட நோயாளியுடையது. இன்று தட்டினாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் தட்டினாலும் ஒன்றுதான். அறையில் அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. இத்தனை வருடம் ஸ்கேன் ரிப்போர்ட் செய்தவளை அங்கே உட்கார வைப்பார்கள், அதுவும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டால் அவர் இன்னும் இரக்கமாகப் பேசுவார் என்று தெரியும். அதனால் ஒரு யோசனை சொன்னேன்.

"எங்க வீட்டு லேப்டாப்பும் பத்துலதான் ஓடுது சார். இதே சாஃப்ட்வேர்தான். அதை நானே மாத்திப் பார்க்கறேன். எல்லாம் பேசினா என் மெஷினையும் மத்தவங்களோட சேர்த்து மாத்துங்க. பேசலைன்னா நீங்க சொல்றபடி."

அவர் பேனாவை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களேயா? யாரும் கூட இல்லாமலா?" என்றார்.

"என் வீட்டுக்காரர் கூட இருப்பாரு."

"அவருக்கு..."

"அவருக்கும் கண்ணு தெரியாது சார்."

சரி என்று சிரித்துவிட்டார்.

இனி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை. திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வரும் பஸ்ஸில் சந்திரகிரி, பாகாலா, பூதலப்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்தைக் கண்டக்டர் கத்தும்போதும் நான் ஒரு வாதத்தை யோசித்து, அதற்கு அவர் சொல்லப்போகும் பதிலையும் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். யோசித்து வைத்த எந்த வாதமும் தேவைப்படவில்லை. பென்டிரைவ் என்றதுமே அவர் குரல் மாறிவிட்டது.

"உன்ன தனியா ஒக்கார வெச்சுட்டு ஒரு ஆளு வந்து குடுத்துட்டுப் போவானா? பிச்ச போடற மாரி?"

"அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு."

"நல்லதுக்குத்தான் சொல்லுவானுங்க. என்னிய ஸ்கூல்ல அப்டித்தான் எலக்சன் டூட்டிலருந்து, கணக்கெடுப்புலருந்து எல்லாத்துலருந்தும் எடுத்து வுட்டானுங்க. அப்புறம் சார் எந்த வேலையும் செய்யறதில்லன்னும் சொன்னானுங்க."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. டீயை முடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"மாத்து. ஆனா மூணு விசயம். என் பாடக் குறிப்பு ரெண்டு எடத்துல காப்பி ஆவணும், அத்த நான் தொறந்து கேட்டுப் பாக்கணும். பரிச்ச முடியட்டும், அதுக்கு முன்னால வேணாம். இன்னா ஆனாலும் கடைக்கு எடுத்துக்கினு போவக் கூடாது."

மூன்றுமே நியாயம். ஒத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிவதற்குள் நான் என் பங்குக்குத் தயாரானேன். எங்கள் லேப்டாப்புக்குப் பதினொன்று ஏறும் தகுதி இருக்கிறதா என்று சோதித்தேன், இருந்தது. எங்களைப் போன்றவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். முன்பே மாற்றியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் தேன் என்றார், ஒருவர் தலைவலி என்றார். உருப்படியான யோசனை ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. லேப்டாப்பின் ஸ்பீக்கர் மாற்றத்துக்குப் பிறகு சில சமயம் ஊமையாகிவிடும், யூஎஸ்பி துளையில் செருகும் ஹெட்செட் ஒன்றைக் கையில் வைத்துக்கொள், அது தனியாகப் பேசும் என்று சொன்னாள். ஆபீஸில் நான் போடுவது அந்த வகைதான். சனிக்கிழமை அதைப் பையில் போட்டு எடுத்துவந்தேன்.

ஞாயிறு காலை இட்லி தின்றுவிட்டு உட்கார்ந்தோம். பாடக் குறிப்புகள் ஒரு பென்டிரைவிலும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் ஏறின. அவர் இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரியைக் கேட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "சரி, அமுக்கு" என்றார்.

புது விண்டோஸ் நெட்டிலிருந்து இறங்குவதற்கே வெகுநேரம் ஆனது. அதுவரை ஸ்கிரீன் ரீடர் எத்தனை சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு லேப்டாப் தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி கிளம்பியது. அந்தக் கட்டத்தில் எந்தக் குரலும் வராது என்று தெரியும். தெரிந்தும் அறை அவ்வளவு அமைதியாக இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது. என் கணவர் லேப்டாப்பின் அடிப்பக்கம் விரல்களை வைத்துக்கொண்டார்.

"ஃபேன் ஓடுது... நின்னுடுச்சி... ஓடுது."

"ஓடினா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கைய எடு, சுடும்."

எடுக்கவில்லை. கீழ் வீட்டில் டிவியில் ஏதோ தெலுங்கு சீரியல் முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது. வழக்கமாக உள்ளே நுழைந்ததும் வரும் சின்ன மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை முடிந்துவிட்டது, ஆனால் சத்தம் இல்லை.

"போச்சு. நான் சொன்னேன் இல்ல?" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பாஸ்வேர்டைக் குருட்டாம்போக்கில் தட்டி என்டரை அழுத்தினேன். விண்டோஸ் கூடவே வரும் வாசிப்பான் ஒன்று உண்டு. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எங்கிருந்தாலும் அது பேச வேண்டும். அழுத்தினேன். ஒன்றுமில்லை. அப்படியானால் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, ஸ்பீக்கர்தான் ஊமை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஹெட்செட்டைச் செருகி மாட்டிக்கொண்டேன். மூன்று விசைகளை மறுபடி இரண்டு தடவை அழுத்தினேன், ஒருமுறை அணைக்க, ஒருமுறை போட.

காதில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல், வாசிப்பான் தொடங்கியது என்று சொன்னது.

"வந்துடுச்சி" என்றேன்.

அவர் கையை நீட்டினார். ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் தன் கோப்புறை இருக்கும் இடத்துக்கு விசைகளிலேயே தேடிப் போனார். பல விஷயங்கள் இடம் மாறியிருந்தன, இரண்டு மூன்று தடவை தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பினார். நான் உதவப் போகவில்லை. கடைசியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஆறாவது கீது. ஏழாவது கீது. எட்டாவது..." பத்தாம் வகுப்பு வரை போய்விட்டு ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஸ்பீக்கரைச் சரிசெய்தது நான்தான். லேப்டாப் தயாரித்தவர்களின் இணையப் பக்கத்தில் அந்த மாடலுக்குரிய, ஸ்பீக்கரை இயக்கும் புது ஆடியோ டிரைவர் மென்பொருள் இருந்தது, இறக்கிப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் லேப்டாப் வாயைத் திறந்து பேசியது. எங்கள் பழைய ஸ்கிரீன் ரீடரும் அதன் தெலுங்குக் குரலும் தமிழ்க் குரலும் ஒழுங்காக வேலை செய்தன.

அதற்குப் பிந்திய வாரம் வீட்டில் முணுமுணுப்பு ஓயவில்லை. முன்பு ஒரு விசையை அழுத்தினால் திறக்கும் பட்டியலில் அடுத்து எந்த எழுத்தைத் தட்டினால் என்ன நடக்கும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். இப்போது பாதி விஷயங்கள் 'இன்னும் காட்டு' என்ற ஒரு வரியின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. "வீட்ல இருக்கற சாமானெல்லாம் எவனோ எடம் மாத்தி வெச்சிட்டுப் போன மாரி கீது" என்றார். புதிதாக மனிதர் போலவே பேசும் குரல்கள் வந்திருந்தன. ஆசையாகப் போட்டுப் பார்த்தோம். மூச்சு இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு அழகாகப் பேசியது. எங்கள் வேகத்துக்கு ஏற்றியதும் ஒன்றும் புரியவில்லை. "இவ மனுசி மாரி பேசறா. எனக்கு மனுசி வேணாம், நீ ஒருத்தி போதும். மெசின் குரலப் போடு" என்றார். தட்டையான பழைய குரலுக்கே திரும்பினோம்.

திங்கட்கிழமை சிஸ்டம்ஸ்காரரிடம் போய் நடந்ததை வரிசையாகச் சொன்னேன், ஸ்பீக்கர் ஊமையானதையும் மறைக்கவில்லை. நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். அந்த வாரமே மற்ற மெஷின்களோடு என்னுடையதையும் மாற்றினார்கள். அவர் பக்கத்திலேயே நின்றார். என் ஸ்கிரீன் ரீடர் பேசத் தொடங்கியதும், "இது இவ்வளவு வேகமாவா எப்பவும் பேசும்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான். வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை முழுவதும் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை மென்பொருளில் ரிப்போர்ட்டை டாக்டரின் ஒப்புதலுக்கு அனுப்பும் பொத்தான் ஒன்று, மாற்றத்துக்குப் பிறகு என் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாமல் போனது. அது இருக்கும் இடத்தில் வெறும் மௌனம். பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை புகார் எழுதினேன். சிஸ்டம்ஸ்காரர் மென்பொருள் செய்தவர்களிடம் பேசி, அந்தப் பொத்தானுக்குப் பதிலாகச் சேர்த்து அழுத்தும் சில விசைகளை அமைத்து வாங்கித் தந்தார். அதுவரையிலும் அவசர ஸ்கேன்கள் என்னிடமே வந்தன, அனுப்பும் பொத்தானை மட்டும் பக்கத்து மேஜைப் பெண் அழுத்தினாள். இப்போது அவளும் மவுஸை விட்டுவிட்டு அந்த விசைகளைத்தான் அழுத்துகிறாள்.

மாற்றியதில் எனக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், புது வசதி என்று பெரிதாக எதையும் காட்ட முடியாது. நான் நேற்றுச் செய்த வேலையை இன்றும் செய்கிறேன். அதைச் செய்ய விட்டார்கள் என்பதுதான் லாபம். அதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை தடவை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

சில வாரம் கழித்துப் பிச்சாட்டூரிலிருந்து என் கணவரின் நண்பர் போன் செய்தார். அவருக்கும் பார்வை இல்லை. வீட்டிலேயே ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறார். அவர் லேப்டாப்பிலும் அதே அறிவிப்பு வருகிறதாம், போகலாமா வேண்டாமா என்று கேட்டார். என் கணவர் போனில் அரைமணி நேரம் பேசினார். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். மாற்றச் சொல்வாரா, வேண்டாம் என்பாரா என்று எனக்கே தெரியவில்லை.

"நீயா எதுவும் அமுக்காத. அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்றார்.

போனோம். நண்பரின் லேப்டாப்பைச் சோதித்தேன். ரொம்பப் பழையது, பதினொன்று அதில் ஏறாது. குறுக்கு வழிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அன்றாடம் ஊராருக்கு அதில் வேலை செய்து கொடுக்கும் மனிதரின் மெஷினில் அதை முயன்று பார்க்க எனக்கு மனமில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்னும் கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, அதைப் பதிந்து தருகிறேன், பேங்க் வேலையை மட்டும் இதில் வேண்டாம், போனில் செய்துகொள்ளுங்கள், அடுத்த வருடம் வேறு லேப்டாப் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அப்ப பத்துலயே இருக்கலாமா?" என்று நண்பர் கேட்டார்.

"இப்போதைக்கு இருங்கண்ணா."

அவர் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. என் கணவர் சிரித்துவிட்டார். நண்பரின் மனைவி உள்ளிருந்து, "அந்த டப்பாவ மூடி வெச்சுட்டு வந்து துன்னுங்க" என்று கூப்பிட்டார். பிச்சாட்டூர் அணையிலிருந்து காலையில் வந்த மீன். முள்ளை எடுத்து வைத்து நிதானமாகச் சாப்பிட்டோம். சித்தூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.